மைலோ டின்னும் வாயேஜரும்

(சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஒரு ஞாயிறு மாலை பேசியது. மேடையில் விட்டுப்போன இரண்டொரு வாக்கியங்களைச் சேர்த்திருக்கிறேன். எதையும் குறைக்கவில்லை.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முதல் வரிசையில் நாற்காலி போட்டும் மறுத்துவிட்டு, மூன்றாம் வரிசையில் பெரியவர்களோடு அமர்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, என் நேரத்தில் ஆறு நிமிடத்தை அன்போடு எடுத்துக்கொண்ட நண்பர் அவர்களே, பின்னால் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கும் மகளிர் பிரிவுத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். குடியிருப்பாளர் குழுச் செயலாளருக்கு மட்டும் இரண்டு வணக்கம். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தள அலமாரிச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. அந்தச் சாவிக்குப் பிறகு வருகிறேன்.

வயதான விண்கலங்கள் எப்படி இன்னும் வேலை செய்கின்றன என்று பேசச் சொன்னார்கள். மின்சாரம், மூளை, காது, தங்கத் தட்டு என்று நான்கு செய்திகள் வைத்திருக்கிறேன். நான்குக்கும் பழமொழி ஒன்றுதான்: சிறு துரும்பும் பல் குத்த உதவும். என் பேரப்பிள்ளைகள் இதைக் கேட்டாலே எழுந்து ஓடிவிடுவார்கள். நீங்கள் ஓட முடியாது, பஜ்ஜி இன்னும் வேகவில்லை.

1977. சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தப்படுத்தும் வேலை தொடங்கிய ஆண்டு. நான் கப்பல் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி அமெரிக்காவின் நாசா அனுப்பிய வாயேஜர் 2 விண்கலம் கிளம்பியது. வாயேஜர் 1 செப்டம்பர் 5ஆம் தேதிதான் கிளம்பியது, ஆனால் போகிற வழியில் முந்திக்கொண்டது. வியாழனையும் சனியையும் பார்ப்பதற்காக, ஐந்தாண்டுக் கணக்குப் போட்டுச் செய்த கலங்கள் இவை. இன்று வாயேஜர் 1 ஏறக்குறைய 2,500 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இங்கிருந்து "சௌக்கியமா?" என்று கேட்டால் கேள்வி போய்ச் சேரவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். பதில் வர இன்னொரு நாள்.

முதலில் மின்சாரம். அவ்வளவு தூரத்தில் சூரியன் ஒரு நட்சத்திரம் மாதிரிதான், சூரியத் தகடு வேலைக்கு ஆகாது. புளூட்டோனியம் சிதையும்போது வரும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். கிளம்பும்போது ஏறக்குறைய 470 வாட். ஆண்டுக்கு 4 வாட் குறைந்துகொண்டே போகிறது. ஓய்வூதியம் சுருங்கும் வீட்டில் என்ன செய்வோம்? ஆள் இல்லாத அறையில் விளக்கை அணைப்போம். அவர்களும் அதையே செய்கிறார்கள். 1990இல் வாயேஜர் 1 கடைசிப் படங்களை எடுத்ததும் அதன் கேமராக்களை நிறுத்தினார்கள். பிறகு ஹீட்டர்கள். 2019இல் வாயேஜர் 2இன் ஒரு கருவிக்கு ஹீட்டரை அணைத்தார்கள். அந்தக் கருவியைச் சோதித்துப் பார்த்தது மைனஸ் 45 டிகிரி வரைதான். அது மைனஸ் 59 வரை இறங்கியும் வேலை செய்தது! 2025இல் இரண்டு கலத்திலும் இன்னும் ஒவ்வொரு கருவியை நிறுத்தினார்கள்.

இரண்டாவது மூளை. 2023 நவம்பரில் வாயேஜர் 1 உளறத் தொடங்கியது. சிக்னல் வருகிறது, ஆனால் அர்த்தமில்லை. ஒரு கணினியின் நினைவகத்தில் 3 விழுக்காடு கெட்டுப்போயிருந்தது. காரணம் ஒரே ஒரு சிப். போய் மாற்ற வழியில்லை. கலிஃபோர்னியாவில் இந்தக் கலங்களைக் கவனித்துக்கொள்ளும் நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? கெட்ட இடத்தில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, மீதி நினைவகத்தில் காலியாக இருந்த சந்து பொந்துகளில் வைத்தார்கள். 2024 ஏப்ரல் 18ஆம் தேதி முதல் துண்டை அனுப்பி, 20ஆம் தேதி பதில் வந்தது. கலம் மறுபடி ஒழுங்காகப் பேசியது. ஒரு கலத்தின் கணினிகளை எல்லாம் சேர்த்தாலும் நினைவகம் 70 கிலோபைட்கூட வராது. உங்கள் கைபேசியில் காலை வணக்க ரோஜாப்பூப் படம் ஒன்று அதைவிடப் பெரியது. சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

மூன்றாவது காது. இங்கே என் வீட்டுக் கிரைண்டர் கதையைச் சொல்லியாக வேண்டும்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு. உளுந்து ஊறிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து என் மனைவி மடியில் வைத்துக் கொண்டுவராத குறையாகக் கொண்டுவந்த கிரைண்டர், சுவிட்சைத் தட்டினால் "உம்ம்ம்" என்று உறுமுகிறது, சுற்றவில்லை. விற்ற கடைக்குப் போன் செய்தேன். கடை எது என்று சொல்ல மாட்டேன். "அங்கிள், அந்த மாடலுக்கு ஸ்பேர் வராது, புதுசு வாங்கிக்குங்க" என்றார் ஒரு பிள்ளை. என் மகன் அதற்குள் கைபேசியில் விலை பார்த்துவிட்டான். மனைவி உளுந்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை செய்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவன் நான். ஆனால் நான் வெல்டர். மோட்டார் எனக்கு வேறு ஜாதி.

மூன்றாம் மாடி அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். என்னோடு பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கைலியோடு வந்தார். கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டு, டிரம்மைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளினார். சுற்றியது! நிறுத்திவிட்டு மறுபடி போட்டார், உறுமல்தான். "தம்பி, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கெப்பாசிட்டர் போச்சு" என்றார். மோட்டார் சுற்றத் தொடங்க முதல் தள்ளுக் கொடுக்கும் சின்னப் பாகம் அது. வீட்டுக்குப் போய் ஒரு மைலோ டின்னோடு திரும்பினார். அதற்குள் என்னென்ன! ஸ்குரூ, ஸ்பிரிங், பியூஸ், அடியில் பழைய துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றிய கெப்பாசிட்டர் ஒன்று. அந்த இயந்திரத்தைப் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் போட்டு நான்கு வருஷம் ஆகிவிட்டதாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணைப் படித்து, ஒயரை முறுக்கி, டேப் சுற்றினார். பதினோரு மணிக்கு மாவு அரைந்துகொண்டிருந்தது. காலையில் அவர் வீட்டுக்குத்தான் முதல் வடை போனது.

இப்போது வாயேஜர் 2. 1978 ஏப்ரலில், பூமியின் கட்டளையைக் கேட்கும் அதன் முதன்மை ரிசீவர் செத்துப்போனது. மாற்று ரிசீவருக்கு மாறினால், அதில் என்ன பழுது தெரியுமா? ஆமாம், கெப்பாசிட்டர்! பூமியிலிருந்து வரும் அலைவரிசை ஏறி இறங்கினால் தானாகப் பின்தொடரும் வேலை அந்தக் கெப்பாசிட்டருடையது. அது போனதால் கலத்துக்கு ஒரு குறுகிய அலைவரிசைதான் கேட்கும். அதுவும் ரிசீவரின் சூட்டைப் பொறுத்து நகரும். மைலோ டின்னை அங்கே அனுப்ப முடியாது. ஆகவே பூமி சுற்றுவதையும் கலத்தின் சூட்டையும் கணக்குப் போட்டு, அந்த நேரத்தில் அதற்கு எது கேட்குமோ அந்த அலைவரிசையில் அனுப்புகிறார்கள். என் மாமனாரிடம் வலது காதுப் பக்கமாகப் போய், கனத்த குரலில் பேசினால்தான் கேட்கும். கத்தினால் கோபம் வரும். அதே வித்தைதான்.

கத்திய கதையும் உண்டு. 2023 ஜூலையில் தவறான கட்டளை ஒன்று போய், வாயேஜர் 2இன் ஆண்டெனா பூமியை விட்டு 2 டிகிரி திரும்பிவிட்டது. ஆஸ்திரேலியாவின் கான்பராவில் 70 மீட்டர் அகல டிஷ் இருக்கிறது. நம் இருபத்தைந்து மாடி புளோக்கைப் படுக்க வைத்த நீளம். அதிலிருந்து முழு வலுவோடு ஒரு கட்டளையை அனுப்பினார்கள். கலம் மறுபடி நம் பக்கம் திரும்பிவிட்டது என்று ஆகஸ்ட் 4ஆம் தேதி சிக்னல் வந்தது.

என் பேச்சை இந்த இடத்துக்குக் கொண்டுவரத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். வாயேஜர் 1 அதுவரை ஆண்டெனாவைத் திருப்பப் பயன்படுத்திவந்த சிறு உந்திகள் தேய்ந்துவிட்டன. 1980 நவம்பருக்குப் பிறகு தொடாத நான்கு உந்திகளை, 37 ஆண்டு கழித்து, 2017 நவம்பர் 28ஆம் தேதி உயிர்ப்பித்தார்கள். எப்படி? பழைய தரவுகளைத் தோண்டி எடுத்து, வழக்கொழிந்துபோன ஒரு அசெம்பிளர் கணினி மொழியில் இருந்த நிரலைப் படித்துப் பார்த்து. எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். மூன்றாம் மாடி அண்ணனுக்கு வயது எழுபத்தெட்டு. அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. மைலோ டின்னில் எது எதற்கு என்று அவர் மனைவிக்கே தெரியாது.

மாதத்தின் கடைசி ஞாயிறு, கீழ்த்தளத்தில் ஒரு பழுதுபார்க்கும் மேசை. இதை நான் மூன்று கூட்டத்தில் கேட்டுவிட்டேன், இது நான்காவது. ஒரு பெரியவர் பழுது பார்ப்பார், பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதும். என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றினோம், அவ்வளவுதான். தேவை இரண்டு பிளக் பாயிண்ட், ஒரு அலமாரி. செயலாளர் அவர்களே, சாவி! உறுப்பினர் அவர்கள் தலையசைப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. கூட்டக் குறிப்பில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். கலங்களோடு அனுப்பிய, தங்கம் பூசிய இசைத்தட்டான அந்தத் தங்கத் தட்டைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. அதில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, தமிழ் இல்லை. அந்தச் சண்டையை ஏப்ரலில், தமிழ் மொழி விழாவில் வைத்துக்கொள்வோம்.

நான்காம் வரிசையில் மடியில் வானொலியோடு உட்கார்ந்திருக்கும் அம்மா, ஒலி 96.8 திடீரென்று நின்றுவிட்டது என்றீர்களே, பஜ்ஜி சாப்பிட்டதும் மேடைப் பக்கம் வாருங்கள். பேட்டரி போடும் இடத்தில் பச்சை பூத்திருக்கும் என்று நினைக்கிறேன். உப்புத்தாள் என் பையில் இருக்கிறது.