குதிரைய காப்பாத்த வந்த கோணல் இன்ஜின்! சாமில் ஓனர் செஞ்ச வேலைய பாருங்க

வணக்கம் மக்களே! ஸ்க்ரீன்ல இருக்குற இன்ஜின முன்னாடி இருந்து நல்லா பாருங்க, பாய்லர் நடுவுலயே இல்ல, இன்ஜினோட இடது பக்கமா (நமக்கு வலது பக்கமா தெரியும்) ஒதுங்கி உக்காந்திருக்கு. எடிட்டிங் இல்லங்க, டிசைனே அப்படித்தான்!

கதைய சட்டுனு சொல்லிடறேன். 1870கள், அமெரிக்காவுல மிச்சிகன், ஹேரிங்னு குட்டி ஊரு, அங்க எஃப்ரைம் ஷேனு ஒருத்தர் சாமில், அதாவது மரம் அறுக்குற மில் நடத்துனாரு. அப்பெல்லாம் பனிக்காலத்துலதான் சறுக்குவண்டியில வெட்டுன மரத்தடிய இழுப்பாங்க, பனி சரியா பெய்யலன்னா சரக்கு காட்டுலயே கெடக்கும், அதான் இவரு மரத்துலயே தண்டவாளம் போட்டு குதிரைய பூட்டி ட்ராம் விட்டாரு. ஏத்தம்கூட பரவால்ல, இறக்கத்துல தடி ஏத்துன வண்டி பின்னாடி இருந்து தள்ளிட்டு வந்தா குதிரையால அத தாங்கி நிறுத்த முடியாது, மேலயே ஏறிடும். பாவம்ல?

சரி இன்ஜின் விடலாம்னா, சாதா இன்ஜின் கனத்துக்கு மர ரெயில் நாசமாகிடும். இங்கதான் மனுஷன் மூளைய பாருங்க! சிலிண்டர நிமிர்த்தி வலது பக்கம் மாட்டிட்டாரு, அதுல இருந்து வண்டி நீளத்துக்கு ஒரு ஷாஃப்ட் (சுத்துற இரும்புத் தண்டு), அங்கங்க ஜாயின்ட், பல்சக்கரம் வழியா எல்லா சக்கரத்துக்கும் இழுவை போகுது. கனமும் பிரிஞ்சிடுச்சு, வளைவுலயும் மடங்கி போகும். வலது பக்கம் கனமாச்சுல்ல, அதான் பாய்லர இடது பக்கம் தள்ளிட்டாரு, இடுப்புல தண்ணிக்குடம் வெச்சா நாம மறுபக்கம் சாய்வோம்ல, அதேதான்!

எனக்கு ரொம்ப புடிச்சது சத்தம். கியர் வெச்சதால பிஸ்டன் படபடன்னு அடிக்கும், கண்ண மூடிட்டு கேட்டா எக்ஸ்பிரஸ் வர்ற மாதிரி இருக்கும், தொறந்து பாத்தா நம்ம ஆளு நடக்குற வேகத்துல வர்றாரு. சத்தம் மட்டும்தான் சார் பெருசு!

1881ல பேட்டன்ட். ஒஹாயோவுல லைமா கம்பெனி 1945 வரைக்கும் கிட்டத்தட்ட 2,770 ஷே இன்ஜின் செஞ்சு தள்ளுச்சு. தைவான்ல அலிஷான் மலை ரயிலும் இதுலதான் ஓடுச்சு.

ஷே அப்புறம் ஹார்பர் ஸ்பிரிங்ஸ்ல செட்டிலாகி, தகரம் மாதிரி அச்சடிச்ச ஸ்டீல் தகட்டுல ஆறு மூலை வீடு கட்டுனாரு, ஊர் புள்ளைங்களுக்கு நூத்துக்கணக்குல சறுக்குவண்டி செஞ்சு குடுத்தாரு. அலிஷானுக்கு தனி வீடியோ வேணும்னா கமென்ட்ல சொல்லுங்க, லைக் போடாம ஓடிடாதீங்க!