பத்தாம் நம்பர் ஜெர்சி மட்டும் போதுமா?

நடுவர் அவர்களே, நான் வாய் திறக்கும் முன்பே முறைக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, நீரோடி முதல் இரையுமன்துறை வரை எட்டு ஊர்களிலிருந்தும் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பொழியூரிலிருந்தும் வந்திருக்கிற பந்து ரசிகர்களே, வணக்கம். மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியின் பேரால் சந்தோஷ் டிராபி கிராமம் என்று பேர் வாங்கிய பொழியூர்க்காரர்கள் முன்னால் கால்பந்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் விற்றுப் பார்க்கிறேன்.

நாட்டு அணிக்குப் பெரும் பலம் பத்தாம் நம்பர் ஜெர்சி போட்டுக் கோல் அடிக்கும் நட்சத்திரமா, எந்த இடத்திலும் நின்று உழைக்கிற ஆட்டக்காரரா? இதுதான் தலைப்பு. உழைக்கிறவர்தான் என்பது என் கட்சி. எனக்கு முன் பேசியவர் மரடோனா என்றார், கைதட்டல். மெஸ்ஸி என்றார், விசில். "கோல் அடிக்காமல் கோப்பை உண்டா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நானும் தட்டினேன், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன 1986 உலகக் கோப்பை இறுதியாட்டத்தையே எடுப்போம். மேற்கு ஜெர்மனியை அர்ஜென்டினா 3-2 என்று வென்றது. அந்த மூன்றில் மரடோனா அடித்தது எத்தனை? ஒன்றுமில்லை ஐயா. பிரவுன், வால்டானோ, புருச்சாகா அடித்தார்கள். இதில் பிரவுன் கடைசித் தடுப்பாளர். நாட்டுக்காக அவர் அடித்த ஒரே கோல் அதுதான். பிறகு தோள்பட்டை விலகியும் வெளியே போகாமல் ஆட்டத்தை முடித்தார். கடைசி கோலுக்குப் பந்து கொடுத்தது மரடோனாதான், ஒப்புக்கொள்கிறேன். அவரைச் சுற்றி ஐந்தாறு பேர் காவல் நின்ற நேரத்தில் காலி இடத்துக்கு ஓடியது யார் என்பதுதான் என் கேள்வி.

நட்சத்திரம் பின்னால் ஓடி வராது. வரவும் வேண்டாம், அந்தக் காலைச் சேமித்து வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. முன்வரிசையின் வலது ஓரத்தில், அதாவது வலது விங்கில், ஆடுகிற ஆள் இறங்கி வராவிட்டால் வலப்பக்கத் தடுப்பாளரான ரைட் பேக் இரண்டு பேரைத் தனியாகச் சமாளிக்க வேண்டும். அவருக்குத் துணையாக நடுக்களத் தடுப்பாளர் வலப்பக்கம் நகர்வார். நகர்ந்ததும் பெனால்டி பெட்டிக்கு நேர் முன்னால், கோலிலிருந்து இருபது மீட்டர் தூரத்தில், ஒரு ஓட்டை. எதிரணி பந்தைப் பின்னால் தட்டி அந்த ஓட்டையில் கொடுத்தால் ஷாட். அது கோலானதும் நாம் கோல் காக்கும் கோலியைத் திட்டுவோம், இல்லாவிட்டால் அவருக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பரைத் திட்டுவோம். தவறு தொடங்கியது அறுபது மீட்டர் தள்ளி. அதை யாரும் பார்ப்பதில்லை.

2018-ல் பிரான்ஸ் அடைத்தது இந்த ஓட்டையைத்தான். ஆஸ்திரேலியாவுடன் முதல் ஆட்டத்தில் எம்பாப்பே, கிரீஸ்மன், டெம்பேலே என்று மூன்று வேகக்காரர்களை முன்னால் நிறுத்தினார்கள். 2-1 என்று மூச்சு வாங்கித்தான் ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் டெம்பேலேயும் டொலிசோவும் வெளியே, ஜிரூவும் மத்துய்டியும் உள்ளே. மத்துய்டி பிறவி விங்கர் அல்ல, நடுக்களத்து ஆள். அவரை இடது விங்கில் நிறுத்தினார் பயிற்சியாளர் தெஷாம்ப். பந்து எதிரணியிடம் போனதும் அவர் உள்ளே வந்து நடுக்களத்தில் போக்பாவுக்குப் பக்கத்தில் நிற்பார். அந்தத் தைரியத்தில் நடுக்களத் தடுப்பாளர் கான்டே வலப்பக்கம் நகர்ந்து ரைட் பேக் பவாருக்குத் துணை போகலாம். அதனால் வலது விங்கில் ஆடிய எம்பாப்பே மேலேயே நிற்கலாம். நாம் பார்த்துக் கைதட்டிய எம்பாப்பேயின் ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் ஒருவர் வாடகை கட்டிக்கொண்டிருந்தார். ஜிரூவோ அந்த உலகக் கோப்பை முழுவதும் கோல் நோக்கி ஒரு ஷாட்கூடச் சரியாக அடிக்காத சென்டர் ஃபார்வர்டு. ஆனாலும் முதல் பதினொருவரில் அவர் பேர் வந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் முதுகில் ஆளைத் தாங்கிப் பந்தைப் பிடித்துக் கொடுத்தார். கோப்பை பாரிஸுக்குப் போனது.

அடுத்து, ஆள் கணக்கு. கிளப் பயிற்சியாளருக்கு வருஷத்தில் பத்து மாதம் ஆட்டக்காரர்கள் கையில் இருப்பார்கள். ரைட் பேக் காயமா, ஜனவரியில் ஒருவரை வாங்கலாம். நாட்டுப் பயிற்சியாளர் யாரையும் வாங்க முடியாது. முதல் ஆட்டத்துக்கு முன் மூன்று நான்கு பயிற்சி கிடைத்தாலே பெரிது. 2002 முதல் 2018 வரை உலகக் கோப்பைப் பட்டியலில் 23 பேர். மூன்று கோலிகளைக் கழித்தால் பத்து இடத்துக்கு இருபது பேர், இடத்துக்கு இரண்டு ஆள், உபரி கிடையாது. 2022-ல் 26 ஆக்கினார்கள், அப்போதும் உபரி மூன்றுதான். காயம், காய்ச்சல், இரண்டு மஞ்சள் அட்டை எல்லாவற்றையும் அந்த மூன்றுக்குள் அடக்க வேண்டும். இரண்டு இடம் தெரிந்த ஒருவர் பட்டியலில் இருந்தால், எண்ணிக்கையில் ஒன்று, பயனில் இரண்டு. நம் ஊரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற தூண்டில் படகில், படகை நடத்துகிற ஸ்ராங்கு ஆள் எடுக்கிறபோது என்ன கேட்பார் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாமாருக்குத் தெரியும். தூண்டில் மட்டும் போடுவேன், சமையல் தெரியாது, எஞ்சின் பக்கம் போகமாட்டேன் என்றால் கரையிலேயே நில் என்பார்.

மாற்று ஆள் விஷயமும் அப்படித்தான். இன்றைக்கு ஐந்து பேரை மாற்றலாம், ஆனால் இடைவேளை போக, ஆட்டத்தை நிறுத்த மூன்றே வாய்ப்பு. 2014-ல் மொத்தமே மூன்று பேர்தான். அந்த வருஷ உலகக் கோப்பையில், ஃபோர்ட்டலேசாவில் மெக்சிகோவுடன் நெதர்லாந்து. ஒன்பதாவது நிமிடத்திலேயே டி யோங் காயத்தில் வெளியேற, ஒரு மாற்று வீணாகிவிட்டது. இடைவேளைக்குப் பின் கோலும் வாங்கினார்கள். கொதிக்கிற வெயில். டர்க் கவுட் என்ற ஃபார்வர்டுக்கு அது நாட்டுக்காக நூறாவது ஆட்டம். இடது விங் பேக்காக, அதாவது இடது ஓரம் முழுக்க ஏறி இறங்குகிற ஆளாக ஆரம்பித்தார். ரைட் பேக்கை எடுத்துவிட்டு டிபாயை இறக்கியதும் வலப்பக்கத் தடுப்புக்குப் போனார். கடைசியில் முன்வரிசையில் நின்றார். அணியின் அமைப்பு முழுதாக மாறிக்கொண்டே இருந்தது, அதற்கென்று ஒரு மாற்றுகூடக் கூடுதலாகச் செலவாகவில்லை. மிச்சம் வைத்திருந்த மாற்றில் இறங்கிய ஹுன்டெலார்தான் 94-வது நிமிடம் பெனால்டி அடித்து 2-1 ஆக்கினார். செய்தித்தாளில் அவர் படம். அது அப்படித்தான், விடுங்கள்.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்கிறீர்களா? 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ஜர்னைல் சிங் ஆசியாவின் பேர்போன ஸ்டாப்பர். தாய்லாந்து ஆட்டத்தில் தலை உடைந்து தையல் போட்டார்கள். மாற்று ஆள் இறக்கும் வசதி உலகக் கோப்பைக்கே 1970-ல்தான் வந்தது. பயிற்சியாளர் ரஹீம் அவரை அரையிறுதியில் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். தெற்கு வியட்நாமுடன் ஒரு கோல், இறுதியில் தென் கொரியாவுடன் ஒரு கோல். பின்னால் அருண் கோஷும் நம் இரிஞ்ஞாலக்குடைக்காரர் சந்திரசேகரனும் தாங்கிக்கொண்டார்கள். 2-1, தங்கம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்துத் தங்கத்தைத் தொடவில்லை. தடுப்பாளர் தடுக்கத்தான் வேண்டும் என்று ரஹீம் சாகிப் பிடிவாதம் பிடித்திருந்தால்?

"எல்லா வேலையும் தெரிந்தவன் எதிலும் முழுசு இல்லை" என்பார்கள் அடுத்து வருபவர்கள். அதில் பாதி உண்மை. பழக்காமல் இடம் மாற்றினால் கெடும். விங்கரை லெஃப்ட் பேக்கில் நிறுத்தினால் பந்தையே பார்த்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் வருகிறவனை விடுவார். மற்ற மூவரும் முன்னேறும்போது இவர் மட்டும் இரண்டடி பின்னால் நிற்பார், எதிராளியை ஆஃப்சைடில் மாட்டுகிற வழி போச்சு. வலது கால்காரரை இடப்பக்கம் போட்டால் கிராஸ் கொடுக்கப் பந்தை உள்ளே திருப்புவார், அந்த ஒரு நொடியில் பெட்டிக்குள் ஆள் அடைந்துவிடும். ஆகவே பத்து இடமும் ஆடுகிறவரை நான் கேட்கவில்லை. அடுத்தடுத்த இரண்டு இடத்தைப் பயிற்சியில் பழகியவர் போதும். 2014-ல் ஜெர்மனியின் லாம் நடுக்களத்தில் தொடங்கினார், அல்ஜீரியா ஆட்டத்தில் முஸ்தாஃபி காயம்பட்டதும் ரைட் பேக்குக்குப் போனார், இறுதிவரை அங்கேயே ஆடிக் கோப்பையைத் தூக்கினார். லாம் எதில் முழுசு இல்லை, சொல்லுங்கள்?

இதோ, இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ். ஜாம்ஷெட்பூர் கிளப்பில் முன்னேறி ஆடிய விங்கர். 2019-20-ல் கொல்கத்தாவின் ஏடிகே அணி அவரை இடது விங் பேக் ஆக்கியது. மூன்று தடுப்பாளர் அமைப்பில் அந்தப் பக்கம் முழுக்க, 105 மீட்டரும் ஒரே ஆள். ஏறினால் விங்கர், இறங்கினால் ஐந்தாவது தடுப்பாளர். ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வந்தது. விங்கராக மட்டும்தான் ஆடுவேன் என்று அவர் சொல்லியிருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருப்பார்.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கணக்கு கொடுத்துவிட்டு அமர்கிறேன். நீங்கள் பயிற்சியாளர். இறுதியாட்டம், எழுபதாவது நிமிடம், ஆட்டத்தை நிறுத்தும் மூன்று வாய்ப்பும் முடிந்தது. உங்கள் லெஃப்ட் பேக் தொடையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். களத்தில் மிச்சமிருக்கிற பத்துப் பேரில் யாரை அங்கே நிறுத்துவீர்கள்? உங்கள் பத்தாம் நம்பரையா? பேர் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.