ஒரே ஏமாற்று, நாற்பது மனுக்கள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நான் வளர்ந்த தோட்டத்துக்கு ஒரு சம்பள நாளன்று வேனில் வந்தவர்கள், சிறுநீரகத்தைக் காக்கும் என்று சொல்லி, லயத்து வீடுகள் நாற்பதுக்கும் தண்ணீர் வடிகட்டியைத் தவணைக்கு விற்றுச் சென்றார்கள். ஆறு மாதத்தில் கருவிகள் பழுதாயின. தவணை மட்டும் நிற்கவில்லை. புகார் செய்வோம் என்று நான் சொன்னபோது, "ஒரு நாள் சம்பளம் போயிடுமேப்பா" என்றார் என் அம்மா.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உருவாக்கிய, பொருளோ சேவையோ வாங்கி ஏமாந்தவர்களின் கோரிக்கைகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தை நான் குறைசொல்ல வரவில்லை. ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அங்கே மனுச் செய்யலாம். அங்கே கோரக்கூடிய தொகைக்கு 10,000 ரிங்கிட்டாக இருந்த வரம்பு 25,000 ஆகி, 2019இல் 50,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. இவ்வளவு இருந்தும், ஏமாந்தவர் ஒவ்வொருவரும் தனியாளாகவே அங்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது. நாற்பது பேரில் இருவர்தாம் வருவார்கள் என்று விற்றவனுக்கு நன்றாகத் தெரியும்; அந்த இருவருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மற்ற முப்பத்தெட்டு வீட்டுப் பணத்தோடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவான்.

பலர் சார்பில் ஒருவர் வழக்குத் தொடுக்க 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் இடமளிக்கின்றன என்பது உண்மை. ஆனால் அனைவருக்கும் ஒரே நலன் இருப்பதைக் காட்ட வேண்டும். வழக்கறிஞருக்கும் கொடுக்க வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழலாம். இருநூறு முந்நூறு ரிங்கிட்டை இழந்த குடும்பம் அந்தப் படியை எப்படி ஏறும்?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: ஒரே விற்பனையாளரால் ஒரே விதமாக ஏமாற்றப்பட்டவர்கள் அனைவருக்குமாக, அவர்களில் ஒருவரோ ஒரு பயனீட்டாளர் சங்கமோ தீர்ப்பாயத்தில் ஒரே மனுச் செய்ய வழி வேண்டும், 50,000 ரிங்கிட் வரம்பை ஆளுக்கு ஆள் தனியாகக் கணக்கிட வேண்டும். மூன்றாண்டுக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும் என்ற காலவரம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மோசடி வழக்குகளில், மோசடியைக் கண்டறிந்த நாளிலிருந்து காலத்தை எண்ணச் சொல்கிறது 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். அந்த நியாயத்தைத் தீர்ப்பாயத்துக்கும் ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைக்க வேண்டும்.

நேர்மையான சிறு கடைக்காரர்களை வீண் வழக்குகள் அலைக்கழிக்குமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அது நியாயமான அச்சம். அனைவரிடமும் ஒரே பொய் சொல்லப்பட்டதற்கு முகாந்திரம் இருக்கிறதா என்று தீர்ப்பாயத் தலைவர் முதலில் ஆராய்ந்த பிறகே கூட்டு மனுவை ஏற்கலாம்.

இது நமக்குப் புதிய வழியன்று. 1960இல், துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களை வாங்குவதற்காக, இவ்வூர் துன் சம்பந்தன் அவர்கள் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தொழிலாளர்கள் பத்துப் பத்து ரிங்கிட்டாகப் பங்குப் பணம் கட்டினார்கள். நிலம் வாங்கச் சேர முடிந்த நாம், பறிபோன பணத்தைக் கேட்கவும் சேர முடிய வேண்டும்.

இவற்றைக் கேட்டு அமைச்சருக்கு அனுப்பவிருக்கும் மனு வாசலில் இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விளங்காத இடத்தை என்னிடம் கேளுங்கள், இரவு எத்தனை மணியானாலும் இருந்து விளக்குகிறேன்.