ஆயா இறங்கிய கடல்

வணக்கம் நேயர்களே.

புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள் நான். தினமும் கடலைப் பார்க்கிற ஊர்தான். ஆனால் கடலுக்குள் இறங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்துக்குச் சாமிகள் வந்து நிற்கும்போது என் அம்மா கூட்டத்தோடு போவார். ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார், அவ்வளவுதான். எங்களை முட்டிக்கு மேலே நனைய விட்டதே இல்லை. "கடல் கூப்பிடும், போயிடாதீங்க" என்பார். அவருக்கு இப்போது 71 வயது. போன ஏப்ரலில் உலகத்தின் அந்தப் பக்கம், கரீபியக் கடலில் கழுத்தளவுத் தண்ணீரில் அவர் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பத்து நாள் விடுமுறையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நாங்கள் போனது குவாதலூப் தீவுக்கு. 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோதான் செலாவணி, பள்ளியிலும் அலுவலகத்திலும் பிரெஞ்சு, வீட்டுக்குள் கிரெயோல் என்கிற கலப்பு மொழி. என் தம்பி பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான். பிள்ளைகளுக்கு ஈஸ்டர் விடுமுறை வந்தது. அம்மாவும் நானும் தம்பி வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஆறு பேராகக் கிளம்பினோம். பாரிசிலிருந்து எட்டு மணி நேரத்துக்கும் மேலே விமானப் பயணம். இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரான்சுக்கு வாங்குகிற ஷெங்கன் விசா மட்டும் அந்தத் தீவுக்குப் போதாது. தீவுக்கான விசாவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வரைபடத்தில் அந்தத் தீவு சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலவே இருக்கும். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், சுண்ணாம்புப் பாறையும் கரும்புத் தோட்டமுமான சமதரை. மேற்குச் சிறகு பாஸ்-தேர், காடும் மலையும். 1,467 மீட்டர் உயரத்தில் சூஃப்ரியேர் எரிமலை அங்கேதான் இருக்கிறது. கிழக்கே அட்லாண்டிக், மேற்கே கரீபியக் கடல். ஒரே தீவுக்கு இரண்டு கடல், இரண்டுக்கும் இரண்டு குணம். இதைப் புரிந்துகொள்ளாமல் நாங்கள் வீடு பிடித்ததற்குத் தண்டம் கட்டினோம்.

முதலில் எடுத்த வீடு கிழக்குக் கரையில். படத்தில் வெள்ளை மணலும் நீலத் தண்ணீருமாக இருந்தது. போய் இறங்கியதும் அழுகின முட்டை நாற்றம். கரை முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் கடற்பாசி ஒதுங்கிக் கிடந்தது. அதன் பெயர் சர்காசம். 2011-லிருந்து அது அட்லாண்டிக்கில் பெரும் திட்டுகளாக மிதந்து வந்து கரீபியத் தீவுகளின் கிழக்குக் கரைகளில் குவிகிறது. கடலில் மிதக்கும்வரை அது நல்லதுதான், ஆமைக் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் அதற்குள் ஒளிந்துதான் பிழைக்கின்றன. கரையில் குவிந்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளியாகிறது. தம்பி பையனுக்கு ஏழு வயது, ராத்திரியெல்லாம் தலைவலி என்று அழுதான். மறுநாளே காலி செய்தோம். முன்பணம் திரும்பி வரவில்லை. பாசி வந்திருப்பதை வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது இன்னும் எனக்கு வருத்தம்தான். அந்தப் பாசி எப்போது எங்கே ஒதுங்கும் என்று பிரெஞ்சு வானிலைத் துறை முன்னறிவிப்பு தருகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் வீடு பிடிப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.

அங்கிருந்து மேற்குச் சிறகின் வடமுனைக்குப் போனோம், தெஹே என்கிற சின்ன ஊர். அதன் பக்கத்தில் கிராந்த் ஆன்ஸ் கடற்கரை, ஒரு கிலோமீட்டருக்கும் மேலே நீண்டு கிடக்கிறது. பொன் நிற மணல், பின்னால் பச்சை மலை. காற்று கிழக்கிலிருந்து வருவதால் மலை மறைத்துக்கொள்கிறது, தண்ணீர் பெரும்பாலும் சாந்தமாக இருக்கிறது. அங்கே கடல் ஓதம் ஏறி இறங்குவதே அரை மீட்டருக்குள்தான். காலையில் விரித்த பாயை மாலைவரை நகர்த்த வேண்டியதில்லை.

கரையோரம் நிழல் தருவது வாதாங்கொட்டை மரம், நம் பள்ளிக்கூட வாசலில் நிற்குமே அதே மரம். என் தம்பி மகளுக்குப் பன்னிரண்டு வயது. கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்துப் பருப்பெடுக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஆனால் எல்லா மரத்தடியிலும் உட்கார்ந்துவிடக் கூடாது. மான்சினியே என்று ஒரு மரம், பார்க்க லட்சணமாக, சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்களோடு நிற்கும். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால் சொட்டுகிற தண்ணீரே புண்ணாக்கிவிடும். அடிமரத்தில் சிவப்புச் சாயம் பூசி வைத்திருக்கிறார்கள். "சிவப்பு வளையம் போட்ட மரம் பேய் மரம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தோம். அதற்கப்புறம் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் மரங்களைத்தான் முதலில் பார்த்தார்கள்.

அந்தக் கரையில் சுவர் எழுப்பி மறித்த இடத்தை நான் பார்க்கவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பிரெஞ்சு அரசர் காலத்திலேயே, கரையிலிருந்து ஐம்பது தப்படி தூரம் அரசுக்குச் சொந்தம் என்று எல்லை போட்டார்கள். இன்றைய கணக்கில் 81 மீட்டர் சொச்சம். கோட்டை கட்டவும் காவல் காக்கவும் போட்ட எல்லை அது. அந்த இடத்திலும் வீடுகள் முளைத்திருக்கின்றன, வழக்குகளும் இருக்கின்றன. ஆனாலும் இன்றைக்குப் பாயோடும் சட்டியோடும் வருகிற குடும்பத்துக்கு உட்கார ஓர் இடம் இருக்கிறது என்றால் அந்த ஐம்பது தப்படியும் ஒரு காரணம்.

தெற்கே திருவா ரிவியேர் ஊரில் இன்னொரு கிராந்த் ஆன்ஸ். அங்கே மணல் கன்னங்கரேல் என்று இருக்கிறது, எரிமலைக் கல் தேய்ந்து வந்த மணல். பத்து மணிக்கு மேல் செருப்பில்லாமல் நடக்க முடியாது. பையன் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அதை மணலில் போட்டு இழுத்தான். தூக்கிப் பார்த்தால் காந்தம் முழுக்கக் கறுப்பு மயிர் முளைத்த மாதிரி மணல் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது! இரும்புத் தாது கலந்த மணல். வெள்ளை மணல் கடற்கரைக்குப் போனபோதும் இழுத்துப் பார்த்தான், ஒரு பொடியும் ஒட்டவில்லை. அது பவளமும் சிப்பியும் நொறுங்கி வந்த மணல், அதில் இரும்பு ஏது? எங்கள் எல்லாச் செலவையும்விட அந்தக் காந்தம்தான் அவனுக்குப் பெரிய விளையாட்டாக இருந்தது.

மாலாந்தூர் கடற்கரையில் ஆமை பார்த்தோம். கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே கடற்புல் மேய்ந்துகொண்டிருக்கும் பச்சை ஆமைகளைப் பார்க்கலாம். தொடக் கூடாது, துரத்தக் கூடாது. மூச்சு விட மேலே வரும்போது வழி விட வேண்டும். அம்மா கண்ணாடித் தரை போட்ட படகில் போய் வந்தார். இறங்கியதும், "மாடு மேயுற மாதிரி தலைய ஆட்டி ஆட்டி மேயுதுடி" என்றார்.

இப்போது கிராந்த் ஆன்ஸ் கரைக்கே திரும்புகிறேன். முதல் நாள் காலையிலேயே அம்மா ஒன்றைக் கவனித்துவிட்டார். ஏழு மணி இருக்கும். வெயில் ஏறவில்லை. தண்ணீருக்குள் மூன்று வைக்கோல் தொப்பிகள். தொப்பிக்குக் கீழே மூன்று வயதான அம்மாக்கள், கழுத்துவரை தண்ணீரில்.

"அவங்கல்லாம் உள்ள நின்னுகிட்டு என்னடி பண்றாங்க?"

"பேசிட்டு இருக்காங்கம்மா."

"தண்ணிக்குள்ளயா?"

ஆமாம், தண்ணீருக்குள்தான். நீச்சல் கிடையாது, ஆட்டம் கிடையாது. ஊர்க்கதை பேசுகிறார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். மூட்டுவலிக்கு நல்லது என்பார்கள். அந்த ஊரில் கடல் குளியல் என்பது வைத்தியமும்கூட. பழைய வருடம் முடிந்து புதிது பிறக்கிற சமயத்தில் இலைகளை எடுத்துக்கொண்டு குடும்பமாகக் கடலில் முழுகுவதற்கு ஒரு பெயரே உண்டு, பென் தெமாரே. முடிச்சவிழ்க்கும் குளியல் என்று சொல்லலாம். போன வருடத்துப் பீடையெல்லாம் அலையோடு போய்விடும் என்று நம்பிக்கை. இதைச் சொன்னதும் அம்மா, "நம்ம ஆடி அமாவாசை மாதிரி" என்று தலையை ஆட்டினார். ஆனால் மணலை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அதே நேரம், அதே மூன்று தொப்பி. அம்மா பாயைக் கொஞ்சம் முன்னால் போடச் சொன்னார்.

அப்புறம் ஈஸ்டர் வந்தது. அந்தத் தீவில் ஈஸ்டர் என்றால் கடற்கரைதான். சனிக்கிழமையே குடும்பம் குடும்பமாக வந்து மரத்துக்கு மரம் தார்ப்பாய் கட்டிவிடுகிறார்கள். கூடாரம், கட்டில், அடுப்பு, தாத்தாவுக்குச் சாய்வு நாற்காலி. விசேஷச் சமையல் நண்டு. தரைநண்டைப் பிடித்துக் கூண்டில் விட்டு, வாரக்கணக்கில் இலையும் பழமும் போட்டுச் சுத்தப்படுத்தி, ஈஸ்டருக்குச் சமைக்கிறார்கள். அரிசியோடு சேர்த்து வேகவைத்தால் அது மத்தேத்தே. மஞ்சள் மசாலாவில் செய்தால் கொலம்போ.

பக்கத்துத் தார்ப்பாயிலிருந்து ஒரு தட்டு கொலம்போ எங்களுக்கும் வந்தது. அம்மா ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு." பிறகு, "இது கொலம்போ இல்லடி, குழம்பு." அந்தப் பெயர் எதிலிருந்து வந்தது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அம்மாவின் நாக்கு சொன்னதை மட்டும் சொல்கிறேன்.

நேயர்களே, அந்தச் சுவை அங்கே போன கதை சந்தோஷமான கதை அல்ல. 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். ஒரேலி என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப் போய்ச் சேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து போனார்கள். பெரும்பகுதி தமிழர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை மறுக்கப்பட்டபோது, அந்த மண்ணில் பிறந்த ஆன்றி சிதம்பரம் 1904-இல் வழக்கு தொடுத்து, 1923 வரை விடாமல் போராடினார். மொழி போய்விட்டது. மாரியம்மனை மாலியேமேன் என்கிறார்கள். பாவக்காய் அங்கே பவோக்கா. தப்பு மேளம் அங்கே தபு.

தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, அந்தக் குடும்பத்துப் பெரியம்மா மூன்று தொப்பிகளில் ஒருவர் என்று. தலையில் மெட்ராஸ் துணி கட்டியிருந்தார். கட்டம் போட்ட அந்தத் துணி நம் கடற்கரையிலிருந்து போய், அங்கே அவர்களுடைய திருநாள் உடையாகிவிட்டது. அம்மா அதன் முனையைத் தொட்டுப் பார்த்து, "கைலித் துணி" என்றார். அந்தப் பெரியம்மா அம்மாவின் புடவை முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் காலை. அம்மா எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தார். "புடவை நனைஞ்சா காலைச் சுத்திக்கும், இல்ல?" என்று கேட்டார். தம்பி மனைவி தன்னுடைய சுடிதார் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஏழு மணிக்குக் கரைக்குப் போனோம். ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் நான். கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஒவ்வோர் அடிக்கும் அம்மாவின் பிடி இறுகியது. அந்தப் பெரியம்மா எதிரே வந்தார். அலைக்கு முதுகைக் காட்டாதே, பக்கவாட்டில் நில், என்று நின்று காட்டினார். பிறகு எங்கள் கையிலிருந்து அம்மாவின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். எங்களைப் பார்த்துக் கரைக்குப் போகச் சொல்லி ஜாடை காட்டினார்.

போனோம். மணலில் உட்கார்ந்தோம். கூழைக்கடா ஒன்று மேலேயிருந்து தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்து மீனோடு எழுந்தது. பிள்ளைகள் அதைப் பார்க்கவில்லை. "அத்தை, ஆயா எங்கே?" என்று தேடினார்கள். வெயில் கண்ணில் அடித்தது. யாரோ ஒரு தொப்பியைக் கழற்றி அம்மாவின் தலையில் வைத்திருக்க வேண்டும், அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்குக் கிரெயோல் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தொப்பிகள் ஆடின, கைகள் தண்ணீருக்கு மேலே வந்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போயின.

ஒன்பது மணி ஆயிற்று. தம்பி எழுந்து நின்று, "அம்மா, போதும் வா!" என்று கத்தினான்.

தண்ணீருக்குள்ளிருந்து பதில் வந்தது: "நீங்க போய் டிபன் சாப்பிடுங்க. நான் இவங்ககூட வரேன்."

நன்றி, வணக்கம்.