36 விழுக்காடு எங்கிருந்து வந்தது?

அவையோருக்கு வணக்கம்.

ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களைக் கொரோனா எளிதில் பற்றிக்கொள்ளும் என்ற பேச்சு 2020ஆம் ஆண்டில் பரவியபோது, அதற்குச் சான்றாகப் பலரும் காட்டியது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்தவர்களிடம் 2017–18 ஃபுளூ பருவத்தில் திரட்டிய தரவுகளைக் கொண்ட ஓர் ஆய்வைத்தான். தடுப்பூசி போட்டவர்களிடம் கொரோனா வைரஸ் காணப்படும் வாய்ப்பு 36 விழுக்காடு கூடுதல் என்றோர் எண் அதில் இருந்தது உண்மையே. ஆனால் அது கோவிட்-19 தோன்றுவதற்கு முந்தைய பருவம். அங்கே அகப்பட்டவை, சாதாரணச் சளியை நெடுங்காலமாகத் தந்துவரும் பழைய கொரோனா வைரஸ்கள்.

அந்தப் பழைய வைரஸ்களைத்தான் ஊசி ஏன் கூட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வைரஸ் தொற்றும்போது உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான், சிறிது காலம் வேறு வைரஸ்களையும் அண்டவிடாது. ஊசியால் ஃபுளூவுக்குத் தப்பியவருக்கு அந்தத் தற்காலிகக் காவல் கிடைக்காமல் போகலாம் என்பர். இதனை வைரஸ் குறுக்கீடு என்கிறார்கள். கருத்தளவில் இதில் பிழையில்லை. ஆயினும் அந்த 36 விழுக்காட்டை விளக்க இவ்வளவு ஆழத்துக்குப் போக வேண்டியதில்லை. எளிய கணக்கே போதும்.

பரிசோதனைக்கு வந்தவர்களில் 100 பேருக்குக் கொரோனா, 100 பேருக்கு ஃபுளூ, 100 பேருக்கு வேறு சளி என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் கற்பித்தவை. ஊசிக்கும் கொரோனாவுக்கும் தொடர்பே இல்லையென்றால், கொரோனா வந்தவர்களிலும் வேறு சளி வந்தவர்களிலும் 50 பேர் வீதம் ஊசி போட்டவர்களாக இருப்பார்கள். ஃபுளூ வந்தவர்களிலோ 30 பேர்தான் இருப்பார்கள், ஏனெனில் அங்கே ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. இப்போது கொரோனா வந்தவர்களை மற்ற 200 பேரோடு ஒப்பிட்டால், இந்தப் பக்கம் 50 விழுக்காடு, அந்தப் பக்கம் 40 விழுக்காடு; ஊசிதான் கொரோனாவைக் கொண்டுவந்தது போலத் தோன்றும். ஃபுளூ வந்தவர்களை விலக்கிவிட்டால் இரு பக்கமும் 50தான். ஊசி எவ்வளவு நன்றாகப் பலிக்கிறதோ அவ்வளவுக்கு அதன்மேல் பழி கூடும் என்பதே இதிலுள்ள வேடிக்கை.

ஒப்பீட்டுக் குழுவில் ஃபுளூ நோயாளிகளைச் சேர்த்த இந்தப் பிழையைச் சுட்டிய கனடா ஆய்வாளர்கள், 2010–11 முதல் 2016–17 வரையிலான தம் நாட்டுத் தரவுகளை முறையாக ஆராய்ந்தபோது, ஊசி ஃபுளூவை 40 விழுக்காட்டுக்கு மேல் குறைத்திருந்தது. கொரோனா வைரஸ்களை அது கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

பின்னர், மிச்சிகனில் கோவிட்-19 பரிசோதனை செய்துகொண்ட 27,201 பேரைப் பற்றிய ஆய்வில், ஃபுளூ ஊசி போட்டவர்களுக்குத் தொற்று உறுதியாகும் வாய்ப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்தது. ஊசியை ஆதரிக்கும் எனக்கு இனிக்கும் செய்திதான். ஆனாலும் அதை வைத்து ஃபுளூ ஊசி கோவிட்டைத் தடுக்கும் என்று இந்த மேடையில் சொல்ல மாட்டேன். தவறாமல் ஊசி போட்டுக்கொள்பவர் முகக்கவசத்தையும் தவறாமல் அணிபவராக இருக்கக்கூடும்; அப்படியானால் அந்த 24 விழுக்காட்டில் ஊசியின் பங்கு எவ்வளவு, அவருடைய எச்சரிக்கையின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண்ணிலிருந்து மட்டும் பிரித்தெடுக்க இயலாது.