டூக்கான் பறவையும் ஆக்ஸலாட்டலும்

நேயர்களுக்கு வணக்கம். இன்னிக்கு ரெண்டு உயிர்களப் பத்திப் பேசப்போறேன். ரெண்டும் மெக்சிகோவுல இருக்கு, ஆனா நேருக்கு நேர் பார்த்திருக்க வாய்ப்பே இல்ல. ஒண்ணு தெற்கு மழைக்காட்டுல மரத்து உச்சியில வாழற டூக்கான் பறவை, இன்னொண்ணு மெக்சிகோ சிட்டியோட சோச்சிமில்கோ கால்வாய்கள்ல இருக்கிற ஆக்ஸலாட்டல்ங்கிற சாலமாண்டர், அதாவது பார்க்க பல்லி மாதிரி இருக்கிற, தவளைக்குச் சொந்தமான உயிர்.

டூக்கானோட அலகப் பார்த்தா இத தூக்கிட்டு எப்படிப் பறக்குதுன்னு தோணும், ஆனா உள்ள எலும்பு ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கறதால வெயிட்டே கிடையாது. உடம்பு சூடானா அலகுக்கு ரத்தத்த நிறைய அனுப்பி வெப்பத்த வெளியேத்திடும், குளிரடிச்சா குறைச்சிடும், டோக்கோ டூக்கான்ங்கிற வகையில இத வெப்பக் கேமரா வெச்சு 2009ல காட்டினாங்க. தூங்கும்போது அலகத் திருப்பி முதுகு மேல வெச்சு, வாலை மடிச்சு மேல மூடிக்கும், அவ்ளோ அழகு!

ஆக்ஸலாட்டலோ கரைக்கே வராம தண்ணிக்குள்ளயே முழு வாழ்க்கையும் வாழுது. முட்டை போடற வயசு வந்தும் தலைக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு செவுள் வெளியவே அசைஞ்சிட்டு இருக்கும். ஒரு கால் போச்சுன்னா எலும்பு, தசை, நரம்புன்னு எல்லாத்தோடயும் திரும்ப முளைக்கும்.

இப்படிப்பட்ட உடம்ப வெச்சுக்கிட்டும் சோச்சிமில்கோல 1998ல சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6000 இருந்தது 2014 கணக்கெடுப்புல 36க்கு வந்துடுச்சுங்க. ஏரிகள வத்த வெச்சு நகரம் கட்டினாங்க, கழிவுநீர் கலந்துச்சு, சாப்பாட்டுக்குன்னு கெண்டையும் திலேப்பியாவும் விட்டாங்க, அதுங்க முட்டையையும் குஞ்சையும் தின்னுடுச்சு. டூக்கான் வகைகள் மெக்சிகோல ஆரம்பிச்சு தென் அமெரிக்கா வரைக்கும் பரவியிருக்கு, காட்ட வெட்டினா அதுக்கும் அடிதான், கூடு கட்ட பெரிய மரப்பொந்து வேணுமே, ஆனாலும் பறந்து அடுத்த காட்டுக்காவது போகலாம். ஆக்ஸலாட்டலுக்கு இந்தக் கால்வாய விட்டா இயற்கையில வேற இடமே இல்ல.

உலகம் பூரா லேப்லயும் மீன் தொட்டியிலயும் ஏகப்பட்டது இருக்கே, அப்புறம் என்னன்னு கேக்கறாங்க. என்னால அத ஏத்துக்க முடியல, தொட்டியில இருக்கறத வெச்சு ஒரு இனம் பிழைச்சதா சொல்லக்கூடாது. அதனாலதான் அங்க விவசாயிகளும் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து செய்யற வேலை எனக்கு ரொம்பப் பெருசாத் தெரியுது. சினாம்பான்னு சொல்ற தண்ணித் தோட்டங்களோட சின்ன வாய்க்கால்கள்ல தடுப்பு போட்டு, மீன் உள்ள வராம, அழுக்குத் தண்ணிய வடிகட்டி விடறாங்க. வளர்த்த 18 ஆக்ஸலாட்டல்கள வெளிய விட்டுப் பார்த்தத 2025ல வெளியிட்டாங்க, பிழைச்சிருந்துச்சு, திரும்பப் பிடிச்சதுங்க எடையும் கூடியிருந்துச்சு.