டிஸ்ப்ளே வரவில்லையா? பழைய ராமைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். "புது ராம் போட்டேன், டிஸ்ப்ளே வரவில்லை" என்று சொல்லிக்கொண்டு என் கடைப்படி ஏறுகிறவர்கள் நிறைய பேர். ராம் என்பது மிஷின் ஓடும்போது தகவல்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவக அட்டை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காரணம், நன்றாக ஓடக்கூடிய எத்தனையோ மிஷின்களை "மதர்போர்டு போய்விட்டது" என்று யாரோ சொன்ன ஒரு சொல்லை நம்பிக் காயலான் கடையில் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை.

சில மாதங்களுக்கு முன் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் வந்தாள். கையில் அவள் அண்ணன் படித்து முடித்துவிட்டுக் கொடுத்த லேப்டாப். செலரான் என்2840 பிராசஸர், 2 ஜிபி ராம், ராம் மாட்ட ஒரே ஒரு ஸ்லாட். பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் திணறும். யாரோ சொன்னதைக் கேட்டு 4 ஜிபி ராம் வாங்கி மாட்டியிருக்கிறாள். பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. "மதர்போர்டே அவுட்டாமே அண்ணா" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் அவள் ப்ராஜெக்ட் ஒப்படைக்க வேண்டுமாம்.

நான் முதலில் செய்தது ஒன்றே ஒன்றுதான். கழற்றிய பழைய 2 ஜிபி ராமை வாங்கித் திரும்ப மாட்டினேன். டிஸ்ப்ளே வந்துவிட்டது. புது ராம் வேலை செய்யாவிட்டால் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். பழையது ஓடினால் போர்டு நன்றாக இருக்கிறது என்று பொருள். பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் இரண்டு ராம்களையும் டியூப் லைட் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒட்டியிருந்த லேபிளைப் படிக்கச் சொன்னேன். பழையதில் பிசி3எல் என்று இருந்தது. புதியதில் வெறும் பிசி3. டிடிஆர்3 வகை ராமைத்தான் லேபிளில் பிசி3 என்று போடுவார்கள். எல் என்ற அந்த ஓர் எழுத்துதான் வித்தியாசம். சாதாரண டிடிஆர்3 ராமுக்கு 1.5 வோல்ட் வேண்டும். எல் போட்டது 1.35 வோல்ட்டிலேயே ஓடும். இரண்டிலும் 204 பின்கள், நடுவில் இருக்கும் வெட்டும் ஒரே இடத்தில். அதனால் எது வாங்கினாலும் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிடும், கிளிப்பும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அவள் மிஷின் தருவது 1.35 வோல்ட்தான்; அந்த ராமுக்கு அது போதாது. மாறாக, 1.5 வோல்ட் மிஷினில் எல் ராமைப் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும், ஏனென்றால் அது இரண்டு வோல்ட்டேஜையும் ஏற்கும்படி செய்யப்பட்டது. ஆகவே டிடிஆர்3 வாங்கப் போனால் எல் இருப்பதாகவே கேட்டு வாங்குங்கள். கடைக்குப் போகும்போது கழற்றிய ராமைக் கையில் எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.

டிடிஆர்2, டிடிஆர்4 வகைகளில் இந்தக் குழப்பம் கிடையாது. வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாறிப் போனால் உள்ளேயே போகாது. போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். ஸ்லாட் உடைந்தால்தான் மதர்போர்டுக்கு உண்மையிலேயே செலவு.

சரி, வகையும் சரியாக இருக்கிறது, ஆனாலும் திரை இருட்டு என்றால்? பெரும்பாலும் ராம் முழுதாக உட்காரவில்லை. என் மேஜைக்கு வருவதில் இந்தக் கேஸ்தான் அதிகம். மாட்டும் முறையைச் சொல்கிறேன். முதலில் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கிற மாடல் என்றால் மூடியைத் திறந்ததும் அதன் கனெக்டரை எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். ஒரு இரும்பு பீரோவையோ ஜன்னல் கம்பியையோ தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ராமுக்கு ஆகாது. ராமை ஓரத்தில் பிடித்து, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வாக ஸ்லாட்டுக்குள் தள்ளுங்கள். தங்க நிறப் பட்டைகள் அநேகமாக முழுதும் உள்ளே மறைய வேண்டும். பளபளவென்று ஒரு கோடு வெளியே தெரிந்தால் இன்னும் போகவில்லை. போன பிறகுதான் கீழே அமுக்க வேண்டும். இரண்டு பக்கக் கிளிப்பும் "டக்" என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்து, இன்னொரு பக்கம் ஒரு மயிரிழை தூக்கி நின்றாலும் டிஸ்ப்ளே வராது.

கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக் காற்றில் அந்தப் பட்டைகள் மங்கிவிடும். பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். ரப்பர் தூளைச் சுத்தமான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போய் உட்கார்ந்துவிடும். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்கப் பூச்சே போய்விடும், அப்புறம் அந்த ராம் எதற்கும் உதவாது.

ராம் மாற்றியபின் முதல் தடவை ஆன் செய்யும்போது சில மிஷின்கள் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஒன்றிரண்டு முறை தானாக அணைந்து எரியவும் செய்யும். பதறாமல் இரண்டு நிமிஷம் பொறுங்கள்.

இரண்டாம், மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, ஐ5 வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி ராம் வாங்கினால் அதன் மேல் இருக்கும் கறுப்பு சிப்புகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 16 இருக்க வேண்டும். எட்டே சிப்பில் 8 ஜிபியை அடக்கிய ராமை அந்தப் பிராசஸர்கள் கையாளாது. ராமில் குறை இல்லை, அது பின்னால் வந்த மிஷின்களுக்கானது.

சிலருக்குப் பிரச்சினை வேறு மாதிரி. மிஷின் ஓடுகிறது, ஆனால் "4 ஜிபி போட்டேன், 3.2தான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று கோபமாக வருவார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. 32 பிட் விண்டோஸால் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகளைத்தான் எண்ண முடியும். அதுதான் 4 ஜிபி. அதில் ஒரு பங்கைக் கிராஃபிக்ஸும் மற்ற பாகங்களும் எடுத்துக்கொள்ளும், மீதிதான் நமக்கு. பிராசஸர் 64 பிட் என்றால் 64 பிட் விண்டோஸோ லினக்ஸோ போட்டால் முழுதும் வந்துவிடும். ஆனால் 2006, 2007 வாக்கில் வந்த இன்டெல் 945 சிப்செட் மிஷின்களில் எந்த விண்டோஸ் போட்டாலும் அதே 3 ஜிபிச் சொச்சம்தான். அந்த மிஷினுக்கு 4 ஜிபிக்கு மேல் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னும் சிலருக்கு எல்லாம் சரியாக ஓடும், பத்து நிமிஷம் கழித்து நீலத் திரை வந்து நின்றுவிடும். அப்போது ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து மிஷினைத் தொடங்கி, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். இரண்டு ராம் இருந்தால் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாகப் பாஸ் ஆகி, சேர்ந்து போட்டால் மட்டும் பிழை வருகிறதென்றால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். எந்த ராமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை என்றால் கோளாறு ஸ்லாட்டில். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ராமையும் மாற்றி, விண்டோஸையும் மாற்றி, மிஷினைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளையும் அப்டேட் செய்துவிட்டு வந்தால், எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பெண் மறுநாளே கடையில் ராமை மாற்றிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை லேபிளை அவளே படித்துக் காட்டினாள், மாட்டியதும் அவள்தான். "டக்" சத்தம் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பழைய 2 ஜிபியைப் புது ராம் வந்த பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, லேப்டாப் பையின் சின்ன அறையில் வைத்து அனுப்பினேன். நீங்களும் கழற்றிய ராமைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை திரை இருட்டினால் சோதித்துப் பார்க்க அது வேண்டும். நன்றி, வணக்கம்.